நல்ல இடமாகப் பார்த்து நின்ற ஜெனரேட்டர்

பணிக்காலம் முழுவதும் நான் படுத்துக்கொண்டே சம்பளம் வாங்கியவன். இதை நான் சொன்னால் என் சம்பந்தி வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ஆனால் உண்மை அதுதான். பஸ்ஸின் வயிற்றுக்குள் இருக்கிற ஜெனரேட்டரை நின்றுகொண்டு பழுதுபார்க்க முடியாது. படுக்க வேண்டும், நெளிந்து உள்ளே போக வேண்டும், உள்ளே போன பிறகு ஸ்பேனரை வெளியிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வர வேண்டும்.

சினிமாக்காரர்களின் கேரவன், ரத்ததான முகாமுக்குப் போகிற பஸ், கட்சிப் பிரசார வண்டி, கல்யாணப் பெண்ணை உட்காரவைத்து அலங்காரம் செய்கிற வண்டி என்று எல்லாவற்றிலும் பயணிகளின் பெட்டி படுக்கை வைக்கிற இடத்தில் ஒரு சின்ன டீசல் ஜெனரேட்டர் உட்கார்ந்திருக்கும். வண்டி நிற்கும்போது ஏசி, டிவி, பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் அதுதான் கரண்ட் கொடுக்கும். தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் இந்த வகை ஜெனரேட்டர்கள் எல்லாம் என் பொறுப்பு. போன வருடம் ஓய்வு பெற்றேன்.

சமீபத்தில் எங்கள் பழைய ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ஜெனரேட்டரே இல்லாமல் முழுக்க பேட்டரியிலேயே ஓடுகிற புது கேரவன் ஒன்றின் படத்தைப் போட்டிருந்தார். "சேது அண்ணே, நல்ல நேரத்துல ரிட்டயர் ஆயிட்டீங்க" என்று கீழே ஒரு வரி. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. என் முதுகுக்குத்தான் தெரியும், பேட்டரி எவ்வளவு தாமதமாக வந்திருக்கிறது என்று. ஆனால் அந்தப் பேச்சு வளர்ந்து, "உங்க கேஸ்ல பெரிய கேஸ் எது, எழுதுங்க" என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டதால் எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐடிஐ முடித்துவிட்டு பாபநாசத்தில் ஒரு பட்டறையில் பம்ப்செட் இன்ஜின் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு தஞ்சாவூர் கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். கேள்வி கேட்டவர் என் சான்றிதழைப் பார்க்கவில்லை. என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார். "பக்கவாட்டுல திரும்பி நில்லுங்க" என்றார். திரும்பினேன். "அடேயப்பா, ஆளே தெரியலை. இவரைப் போட்டுக்கலாம்" என்றார். பஸ் வயிற்றுக்குள் நுழைகிற அளவுக்கு ஒல்லியான மெக்கானிக் அவர்களிடம் அப்போது இல்லை. என் தகுதி அவ்வளவுதான்.

அப்படிக் கேட்டவர்தான் தெட்சிணாமூர்த்தி சார். எங்கள் சர்வீஸ் சூப்பர்வைசர். என்னைவிடச் சில வருடங்கள் மூத்தவர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார், சாயங்காலம் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போவார். எப்படி என்றால், அவர் இன்ஜினைத் தொடவே மாட்டார். மடக்கு ஸ்டூல் ஒன்று வைத்திருப்பார். போகிற இடத்தில் அதை விரித்து, இன்ஜினுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். சட்டைப் பையிலிருந்து இஞ்சி மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். "முதல்ல கதை. அப்புறம் ஸ்பேனர்" என்பார்.

வண்டிக்காரர் கதை சொல்லி முடித்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"இருமிச் செத்துச்சா, மூச்சு வாங்கிச் செத்துச்சா, பட்டுனு செத்துச்சா?"

வண்டிக்காரர்கள் விழிப்பார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் பாதித் தொழில் அடங்கிவிடும். இன்ஜின் நிற்பதற்கு முன்னால் இரண்டு தடவை இருமி, வேகம் ஏறி இறங்கி நின்றால், டீசல் சரியாக வரவில்லை. பில்டரில் அடைப்பு, குழாயில் காற்று, இல்லை டேங்க் காலி. முக்கி முனகி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால், தாங்க முடியாத சுமை, இல்லை சூடு. ஒரு குறையும் காட்டாமல் பட்டென்று நின்றால், யாரோ அதற்கு 'நில்' என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆயில் குறைந்தால் நிறுத்துகிற சுவிட்ச் உத்தரவு போட்டிருக்கலாம். சூடு கூடினால் நிறுத்துகிற சுவிட்ச் போட்டிருக்கலாம். ஆனால் அவை போட்டால் பேனலில் சிவப்பு விளக்கு எரியும், நாமாக ரீசெட் செய்தால்தான் மறுபடி ஓடும். விளக்கும் எரியாமல் பட்டென்று நின்றால் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சாருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதை உயரும். சாதாரண நாளில் நான் 'சேது'. வேலை சரியில்லை என்றால் 'சேதுராமன்'. 'வாங்க சேதுராமன் அவர்களே' என்று அவர் எழுந்து நின்று சொன்னால் அன்றைக்கு நான் மதியச் சாப்பாட்டை மறந்துவிடலாம்.

அவரோடு போன முதல் கேரவன் வேலை ஒரு படப்பிடிப்பில். பாபநாசத்துக்கு வடக்கே வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே ஒரு நகைச்சுவை நடிகர். பெயர் வேண்டாம், நல்ல பெரிய உடம்பு. அவரோடு அவரைப் போலவே நாலைந்து நண்பர்கள். ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும். படப்பிடிப்பு நிர்வாகி எங்களைப் பார்த்ததுமே, "யோவ், எவ்வளவு நேரம்யா வர்றதுக்கு? போய்ப் பாருய்யா" என்றார்.

சார் ஸ்டூலை விரித்தார். கதை கேட்டார். இருமித்தான் நின்றதாம். சார் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். இடது பக்கச் சக்கரங்கள் கரைச் சரிவில் கொஞ்சம் இறங்கி இருந்தன. டேங்கில் டீசல் கால்வாசிக்குத்தான் இருந்தது. இந்த மாதிரி வண்டிகளில் ஜெனரேட்டருக்குப் போகிற டீசல் குழாயை டேங்கின் அடிவரை விட மாட்டார்கள். வேண்டுமென்றே குட்டையாக வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் ஏசி போட்டுக்கொண்டு கிடந்தே டீசல் முழுவதையும் தீர்த்துவிட்டு, வண்டி வீடு திரும்ப வழியில்லாமல் நிற்கும். இந்த வண்டியில் அந்தக் குழாய் டேங்கின் வலது ஓரத்தில் இறங்கியது. வண்டி சாய்ந்திருந்ததால் டீசல் இடது பக்கம் ஒதுங்கியிருந்தது. போதாததற்கு உள்ளே சோபாவும் இடது பக்கம். நடிகரும் நண்பர்களும் அதில் உட்கார்ந்தால் வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கும், குழாய் காற்றை உறிஞ்சும்.

ஒரு கேன் டீசல் ஊற்றினால் முடிந்தது. சார் அதைச் சொல்லவில்லை. உள்ளே போய்க் கும்பிட்டு, "ஐயா, எல்லாரும் தயவுசெஞ்சு வலது பக்கமா வந்து உட்காருங்க" என்றார். வந்து உட்கார்ந்தார்கள். நான் குழாயில் இருந்த காற்றை எடுத்துவிட்டு ஓட்டினேன். ஓடியது, நிற்கவில்லை. நிர்வாகி வாயைப் பிளந்தார்.

"அப்படியே இருக்கணும்" என்று சார் கண்டிப்பாகச் சொன்னார். "யாராவது இடது பக்கம் போனா, அந்த எடைக்கு இன்னொருத்தர் வலது பக்கம் வரணும்."

பிறகு நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தோம். ஒருவர் பிரிட்ஜில் தண்ணீர் எடுக்க இடது பக்கம் போனால், நிர்வாகி ஓடிப்போய் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பார். நான் சாரின் காதில், "டீசல் ஊத்தினா போதுமே சார்?" என்றேன்.

"போதும்."

"பின்ன ஏன் சார்?"

"என்னை 'யோவ்'னு கூப்பிட்டார்ல? கொஞ்ச நேரம் ஓடட்டும்."

கிளம்பும்போதுதான் டீசல் விஷயத்தைச் சொன்னார். நிர்வாகி அதற்குள் 'சார்' என்று கூப்பிடப் பழகியிருந்தார்.

இனி பெரிய கேஸுக்கு வருகிறேன்.

யூசுப் பாய் குடவாசல்காரர். வளைகுடா நாடுகளில் பாலைவனத்தில் எண்ணெய்க் குழாய் பதிக்கிற வேலையில் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்தவர். அதாவது, நூறு பேர் வேலை செய்கிற இடத்தில் யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. கல்யாணமான கையோடு போனவர், வயதான பிறகுதான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வந்ததும் ஒரு பழைய கல்லூரிப் பஸ்ஸை வாங்கி, கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களிடம் கொடுத்து வீடாக மாற்றிவிட்டார். கட்டில், சின்ன அடுப்படி, கழிவறை, ஏசி, பெரிய டிவி. வயிற்றில் எங்கள் ஜெனரேட்டர். மனைவி ஜமீலா அக்காவை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதாகத் திட்டம்.

பஸ்ஸுக்குள் ஏறினால் சாலையோர விளம்பரப் பலகைகளைவிட அதிகமாகப் பலகைகள் இருக்கும். படியில் 'கவனம்: படி'. கதவில் 'கவனம்: தலை'. அடுப்புக்கு மேலே 'கவனம்: சூடு'. நான் முதல் தடவை ஜெனரேட்டர் பார்க்கப் போனபோது எனக்கு ஹெல்மெட் கொடுத்தார். "பாய், நான் படுத்துக்கிட்டுத்தான் வேலை பாக்கப் போறேன், எங்க இருந்து விழப்போறேன்?" என்றேன். "நீங்க விழ மாட்டீங்க தம்பி. வண்டி உங்க மேல விழுந்தா?" என்றார். போட்டுக்கொண்டேன். அந்த ஹெல்மெட்டோடு என் தலை உள்ளே நுழையவில்லை. கழற்றிவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் நுழைந்தேன்.

முதல் புகார் மயிலாடுதுறையிலிருந்து வந்தது. காவிரிக் கரையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். சாயங்காலம் ஜெனரேட்டர் பட்டென்று நின்றுவிட்டது. மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. டீசல் பில்டரை மாற்றினேன், டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வடிகட்டியைத் திறந்து பார்த்தேன், ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது புகார் குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் கரையிலிருந்து. அதேபோல் சாயங்காலம், அதேபோல் பட்டென்று. இந்தத் தடவை வண்டியையே எங்கள் ஷெட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, ஏசி, டிவி, அயர்ன் பாக்ஸ் என்று இருக்கிற சுமை எல்லாவற்றையும் ஏற்றி நாள் முழுக்க ஓட்டினேன். வயர் ஒவ்வொன்றையும் ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். ஆயில் சுவிட்ச், சூட்டு சுவிட்ச் இரண்டையும் கழற்றிச் சோதித்து மாட்டினேன். நிற்கவே இல்லை. நிற்கமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்த மாதிரி ஓடியது. ஒப்படைத்த வாரமே மூன்றாவது புகார். பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றங்கரை.

இந்தத் தடவை பாய் எனக்குப் போன் செய்யவில்லை. நேரே மேலே செய்துவிட்டார். நான் ஆபீசுக்குள் நுழைந்ததும் தெட்சிணாமூர்த்தி சார் எழுந்து நின்றார்.

"வாங்க சேதுராமன் அவர்களே. உட்காருங்க. டீ சாப்பிடுறீங்களா?"

"எல்லாம் பாத்துட்டேன் சார்" என்றேன். "நம்ம ஷெட்ல வெச்சா நிக்க மாட்டேங்குது. பெட்ரோல் பங்க்ல நிக்க மாட்டேங்குது. பாய் வீட்டு வாசல்ல நிக்க மாட்டேங்குது. ஆத்தங்கரை, வாய்க்கா கரை, மர நிழல்னு நல்ல இடமாப் பாத்துத்தான் சார் நின்னு தொலையுது."

எரிச்சலில் சொன்னதுதான். சார் கையில் இருந்த டீ கிளாஸை மேஜையில் வைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். அவர் இஞ்சி மிட்டாய் ஒன்றை எடுத்து உரித்தார். "ஸ்டூலை எடுத்து வண்டில வை சேது" என்றார். மறுபடி சேது ஆனதில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

குடமுருட்டியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. எதிரே சம்பா நடவு முடிந்து பயிர் வேர்பிடித்து நிமிர்ந்திருந்த நேரம். வெயில் தாழ்ந்திருந்தது. பாய் எங்களைப் பார்த்ததும் இரண்டு ஹெல்மெட்டுகளோடு இறங்கி வந்தார். சார் ஒரு வார்த்தை பேசாமல் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்டூலை விரித்து, ஜெனரேட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பாய்க்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

"எப்படிச் செத்துச்சு பாய்?"

"பட்டுனு சார். ஏசி அவுட், டிவி அவுட்."

"செவப்பு விளக்கு?"

"எரியலை. பாத்துட்டேன்."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"கட்டில்ல சார். மேட்ச் பாத்துட்டு இருந்தேன். கடைசி ஓவர். பந்து மேல போகுது. யாரு புடிச்சான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

கதவோரம் நின்றிருந்த ஜமீலா அக்கா, கேள்வி முடிவதற்கு முன்பே, "அடுப்படிலதான்" என்றார்.

"சரி. நின்னதும் என்ன செய்வீங்க பாய்?"

"என்ன செய்யிறது? பஸ்ஸு தகரம்தானே சார், அடுப்பாட்டம் ஆயிடும். நாற்காலிய எடுத்துட்டு வெளிய வந்து உக்காருவோம். இவ டீ கொண்டு வருவா. எதையாவது பேசிட்டு இருப்போம். ஒரு மணி நேரம் போல கழிச்சுப் போயி பட்டனை அமுக்கினா..."

"ஓடாது."

"ஓடும் சார்! மொத அமுக்குலயே ஓடும். அதுதான் மர்மமே."

சார் தலையை ஆட்டினார். "நேத்து நின்னப்ப எப்படி இருந்தீங்களோ அப்படியே போய் இருங்க. சேது, நீ ஜெனரேட்டர்கிட்ட படு" என்றார்.

இது அவருடைய வழக்கம்தான். நடந்ததை நடந்தபடியே திரும்ப நடத்திப் பார்ப்பார். பாய் கட்டிலில் போய்ப் படுத்தார். அக்கா அடுப்படிக்குப் போனார். நான் பஸ் வயிற்றுக்குள் போனேன். ஜெனரேட்டர் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் பாய் தூங்கிப்போய்க் குறட்டை விடுகிற சத்தம் ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

சார் குனிந்து என்னைப் பார்த்து, "இதை நிறுத்துறதுக்கு எத்தனை இடத்துல பட்டன் இருக்கு?" என்றார்.

"ரெண்டு சார். இங்க வெளி பேனல்ல ஒண்ணு. பாய் எப்பவும் இதைத்தான் அமுக்குவாரு. அடுப்படி அலமாரிக்குள்ள ஒரு பேனல் இருக்கு, அதுல ஒண்ணு. அதை யாரும் தொடுறதே இல்லைன்னாரு. வயரை மட்டும் பாத்துட்டேன்."

"பேனலைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போனேன்.

யூசுப் பாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. வாங்கிய பொருளில் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் உறையை உரிக்க மாட்டார். டிவி ரிமோட், பிரிட்ஜ் கதவு, நாற்காலி எல்லாம் உறையோடுதான் இருந்தன. அலமாரியைத் திறந்தேன். உள் பேனலும் உறையோடுதான் இருந்தது. பச்சைப் பட்டன் மேல் உறை கண்ணாடி மாதிரி அப்படியே இருந்தது. சிவப்புப் பட்டன் மேல் மட்டும் நசுங்கி, மடங்கி, கிழிந்து, ஒரு விரல் போகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் இடியாப்ப மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

திரும்பினேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் டீ பொங்கி வந்தது. அவர் தீயைக் குறைத்தார்.

"சக்கரை எவ்வளவு போடட்டும் தம்பி?"

"கம்மியா போதும்க்கா."

கட்டில் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வயரு கோளாறுன்னு சொல்லிடுங்களேன் தம்பி."

"மூணு தடவை வயர் பாத்துட்டேன்க்கா. இன்னொரு தடவை பாத்தா வயரே அழுதுடும். ஏங்க்கா இப்படி?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பிறகு சிரிப்பு தானாகவே போய்விட்டது.

"ஏசி ஓடுனா இவரு வெளிய வரமாட்டாரு தம்பி. ஆயுசு முழுக்க வெயில்ல நின்னவரு, இனிமே ஒரு சொட்டு வேர்வை சிந்த மாட்டேன்னு உக்காந்துட்டாரு. நான் குறை சொல்லலை. ஆனா ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டு வந்து, ஜன்னலைச் சாத்தி, திரையைப் போட்டு, டிவி பாத்தா? அதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாமே. அரபு நாட்டுல இருந்தப்ப வெள்ளிக்கிழமை ஆனா போன்ல பேசுவாரு. இப்ப பக்கத்துலயே இருக்காரு, அந்தப் போனும் இல்லை."

டீயை வடிகட்டினார். "மொத தடவை தெரியாமத்தான் கை பட்டுச்சு தம்பி. மயிலாடுதுறைல. நின்னுடுச்சு. வேர்த்து விறுவிறுத்து வெளிய வந்தாரு. நாற்காலி போட்டு உக்காந்தோம். சின்ன வயசுல அதே ஆத்துல நீச்சலடிச்சு அவங்க அத்தாகிட்ட அடிவாங்குன கதையச் சொன்னாரு. எனக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது. அடுத்த தடவை..."

"கை தெரிஞ்சே பட்டுடுச்சு."

"ஆமா" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கட்டிலில் இருந்து பாய் எழுந்து, வெளியே சாரிடம் போவது தெரிந்தது. ஜன்னல் வழியாக அவர் குரல் நன்றாகவே கேட்டது.

"சார், நீங்களே பாத்தும் தெரியலைன்னா இனிமே யாரு பாக்குறது? காரணம் தெரியாத ஒரு மிஷினை வெச்சு ஓட்டுறது சேஃப்டி இல்லை. பிரசார வண்டிக்குன்னு ஒருத்தர் கேட்டுட்டு இருக்காரு. குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். அவளுக்கும் பாவம், ஒவ்வொரு தடவையும் வெளிய வந்து கொசுக்கடில கஷ்டப்படுறா."

அக்காவின் கையில் இருந்த வடிகட்டி அப்படியே நின்றது. கொசுக்கடியில் கஷ்டப்படுகிறாளாம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"இனிமே தொட மாட்டேன் தம்பி. சரியாயிடுச்சுன்னு சொல்லிடுங்க. வண்டி வேணும். வண்டி போயிட்டா நான் மறுபடி அந்த வீட்டுக்குள்ளதான்."

டீயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பாய் டேங்கைப் பார்க்கக் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தார். சார் டீயை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தபடி கேட்டார்.

"வயரா, விரலா?"

"விரல் சார்" என்றேன். "உங்களுக்கு எப்படி..."

"நல்ல இடமாப் பாத்து நிக்கிறதுக்கு மிஷினுக்குக் கண்ணா இருக்கு? அந்தம்மா வேற நான் கேக்குறதுக்கு முன்னாடியே அடுப்படிலன்னாங்க. காரணத்தைச் சொல்லு."

சொன்னேன். முழுக்கக் கேட்டார். டீயை மெதுவாகக் குடித்தார். உண்மையைச் சொன்னால் அக்காவுக்கு அவமானம். சரியாகிவிட்டது என்று சொன்னால் பாய் மறுபடி திரையைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். சரியாகவில்லை என்றால் வண்டி போய்விடும். எனக்கு வழி ஒன்றும் தெரியவில்லை. சார் எழுந்து ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார்.

"பேனல் மேல இருக்கிற பிளாஸ்டிக்கை மொத்தமா உரிச்சுப் பையில போட்டுக்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

உரித்து எடுத்துக்கொண்டு நான் இறங்கும்போது பாய் பார்த்துவிட்டார். "அய்யோ, அதை ஏன் தம்பி உரிச்சீங்க? புதுசு போயிடுமே!"

"தீப்பிடிக்கும் பாய்" என்றார் சார், மிக நிதானமாக. "சேஃப்டில இருந்தவர் நீங்க. கரண்ட் இருக்கிற இடத்துல பிளாஸ்டிக் உறையை விட்டு வைக்கலாமா?"

பாயின் முகம் வெளுத்துவிட்டது. "சார், நான் இதைக் கவனிக்கவே இல்லையே" என்றார். அப்போதே உள்ளே ஓடிப்போய் டிவி ரிமோட், பிரிட்ஜ், ஸ்விட்ச் போர்டு என்று ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தார். அக்கா அவற்றை வாங்கி வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார். வண்டி வாங்கியதிலிருந்து அவர் கெஞ்சிக்கொண்டிருந்த காரியமாம் அது.

உரித்து முடித்து வந்த பாயை சார் ஸ்டூலில் உட்காரவைத்தார். தான் நின்றுகொண்டார். அவர் நின்றுகொண்டு பேசி நான் அதுவரை பார்த்தது என்னைத் திட்டும்போது மட்டும்தான்.

"பாய், கோளாறு தெரிஞ்சுபோச்சு. மிஷின் நல்ல மிஷின். ஆனா அது இருக்கிறது ஒரு பொந்துக்குள்ள. பகல் முழுக்க ரோட்டுச் சூடு, இன்ஜின் சூடு எல்லாம் வாங்கிட்டு, நிறுத்தின இடத்துல மூச்சு விடாம ஓடுது. சாயங்காலம் ஆத்தங்கரை ஈரக்காத்து வேற. அதுக்கு ஓய்வு வேணும். பொழுது சாயிற நேரத்துல ஒரு மணி நேரம் நீங்களே நிறுத்திடணும். நீங்க நிறுத்திட்டா அது தானா நிக்காது."

"அவ்வளவுதானா சார்?"

"இன்னொண்ணு இருக்கு. அந்த ஒரு மணி நேரம் எல்லாக் கதவும் ஜன்னலும் திறந்திருக்கணும். வண்டிக்குள்ள ஆள் யாரும் இருக்கக் கூடாது. வெளில தள்ளி உக்காரணும். ஜெனரேட்டர் ஓய்வுல இருக்கப்ப உள்ள ஆள் இருந்தா..." என்று சொல்லிவிட்டு சார் மேற்கொண்டு சொல்லாமல் தலையை மட்டும் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டினார்.

பாய் கேட்கவில்லை, உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று. சேஃப்டிக்காரருக்கு அந்தத் தலையாட்டல் போதும். "புரியுது சார்" என்றார் பயபக்தியோடு. "இதை வண்டி குடுக்கும்போதே சொல்லியிருக்க வேணாமா இந்தப் பசங்க?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை.

அங்கேயே, அப்போதே ஆரம்பித்துவிட்டார். தானே போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். ஜன்னல்களை எல்லாம் திறந்தார். இரண்டு நாற்காலியை வண்டியிலிருந்து நல்ல தூரம் தள்ளி, ஆற்றைப் பார்க்கப் போட்டார். "ஜமீலா, உள்ள நிக்காதே. வெளிய வா. சேஃப்டி" என்று கூப்பிட்டார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்தார்.

திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன். "பொய் சொல்லிட்டோமே சார்?"

"எது பொய்? பொந்துக்குள்ள ஓடுற மிஷினுக்கு ஓய்வு குடுத்தா ஆயுசு கூடுமா, கூடாதா?"

"கூடும்."

"ஆத்தங்கரைக் காத்து ஈரமா, இல்லையா?"

"ஈரம்தான்."

"பின்ன? யாருக்கு ஓய்வுங்கிறதை மட்டும் நான் வெவரமாச் சொல்லலை." இஞ்சி மிட்டாயில் ஒன்றை எனக்கும் கொடுத்தார். அத்தனை வருடத்தில் அவர் எனக்கு மிட்டாய் கொடுத்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு அந்த வண்டியிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. வண்டியையும் பாய் விற்கவில்லை. அடுத்த வருடம் வழக்கமான சர்வீஸுக்காக நான் போனபோது மறுபடி மயிலாடுதுறைக்குப் பக்கத்தில்தான் நிறுத்தியிருந்தார்கள். ஆயில் மாற்றி, பில்டர் மாற்றி, பெல்ட்டை இழுத்துக் கட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜெனரேட்டரை நிறுத்தினார். நாற்காலிகளைப் போட்டார். பிறகு அக்கா உள்ளே இருப்பதை உறுதிசெய்துகொண்டு என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, உங்க சார்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. மிஷினும் பழசாகிட்டு வருது. ஒரு மணி நேர ஓய்வு அதுக்குப் பத்தாதுன்னு எனக்குத் தோணுது. ரெண்டு மணி நேரமா ஆக்கிடச் சொல்லுங்களேன். கம்பெனியே சொன்ன மாதிரி இருக்கட்டும்."

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அவருக்குத் தெரியுமா, தெரியாதா, தெரிந்தே கேட்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சேஃப்டி விதி சொல்கிற முகம்தான், வேறு எதுவும் அதில் இல்லை.

அக்கா டீயோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. எனக்கு ஒரு கிளாஸைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு மணி நேரமாவே ஆக்கிடுங்க தம்பி. வேலைக்குப் போன கதைய ஆதியில இருந்து சொல்லிட்டு வர்றாரு. ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் குவைத்தே முடியலை. மஸ்கட் அப்படியே பாக்கி இருக்கு."

"குவைத்துலயே ரெண்டு தடவை லீவுல ஊருக்கு வந்தது இன்னும் சொல்லலை" என்றார் பாய். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்கா பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.